ஃபிளாங்கிங், டபுள் கிரிட், ஃபம்பிள் எல்லாம் சேர்ந்து சண்டை இரண்டே ரவுண்டில் முடிகிறது. எதை வெட்டுவது?

பாதாளப்படி (கேள்வி)

வணக்கம். டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ரோல்பிளே ஆட்டம்) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நாலு பிளேயர், எல்லாரும் லெவல் 5: பார்பேரியன் (பலம் 18, கிரேட்சோர்ட், கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்), ரோக், விசார்ட், லைஃப் கிளெரிக். கட்டம் போட்ட மேப்பில்தான் ஆட்டம். இப்போது நடப்பில் இருக்கும் ஹவுஸ் ரூல்கள்:

1. ஃபிளாங்கிங்: எதிரிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் நின்றால் இருவருக்கும் அட்வான்டேஜ் (20 பக்க டைஸை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது; டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறியதை). டிஎம்ஜியில் (ஆட்டம் நடத்துபவருக்கான விதிப்புத்தகம்) விருப்ப விதியாக இருப்பதை அப்படியே எடுத்தது. மான்ஸ்டர்களுக்கும் உண்டு.
2. கிரிட் (அட்டாக் ரோலில் நேச்சுரல் 20, அதாவது டைஸிலேயே 20): டேமேஜ் டைஸின் உச்ச எண்ணை முழுசாக எடுத்துக்கொண்டு, அதோடு ஒருமுறை உருட்டியதையும் கூட்டுவது.
3. ஃபம்பிள்: அட்டாக் ரோலில் நேச்சுரல் 1 விழுந்தால் ஆயுதம் கையை விட்டுப் போகும்.
4. ஹீலிங் போஷன் குடிக்க போனஸ் ஆக்‌ஷன் போதும்.
5. 0 ஹெச்பிக்கு (உயிர்ப்புள்ளி) விழும் ஒவ்வொரு முறையும் ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு).

சிக்கல்: கடினமாக இருக்கும் என்று போட்ட சண்டைகூட இரண்டாம் ரவுண்டில் படுத்துவிடுகிறது, இல்லையென்றால் நம் ஆட்களில் ஒருவர் திடீரென்று சுருண்டு விழுகிறார். நடுவாந்தரமாக ஒன்றும் நடப்பதில்லை. ரெக்லெஸ் அட்டாக் இப்போது தேவையே இல்லை என்கிறார் பார்பேரியன். அடுத்து லெவல் 1இல் புதுக் கதை தொடங்கப் போகிறோம். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கலாம்? "எல்லாத்தையும் தூக்கு" என்ற பதில் வேண்டாம். இவையெல்லாம் பிளேயர்களே கேட்டு வாங்கியவை.

---

மந்திரக்கணக்கு

பார்பேரியன் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு நேரடி பதில். அங்கிருந்தே தொடங்குங்கள்.

ரெக்லெஸ் அட்டாக்கில் அட்வான்டேஜுக்கு ஒரு விலை உண்டு: அடுத்த டர்ன் வரை அவரை அடிப்பவர்களுக்கும் அட்வான்டேஜ். ஏசி (அடி விழ அட்டாக் ரோல் எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரிமேல் அவர் அட்டாக் +7. ஃபீட்டின் −5/+10ஐப் (அட்டாக்கில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டுவது) போட்டால் 13 விழ வேண்டும், அதாவது 40%. ரேஜ் சேர்த்து ஒரு அடியின் சராசரி 23. எனவே ஒரு வீச்சுக்கு 9.2. அட்வான்டேஜ் வந்தால் 64%, ஒரு வீச்சுக்கு 14.7. (கிரிட்டை இங்கே சேர்க்கவில்லை.) அந்த 14.7ஐ அவர் தன் உடம்பைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது ரோக் எதிர்ப்பக்கம் வந்து நின்றாலே அது இலவசம். ரூல் யாருக்கும் எதையும் குறைக்கவில்லை என்று தோன்றும். ஆனால் அவர் கிளாஸின் இரண்டாம் லெவல் வசதி ஒன்று காலி.

அட்வான்டேஜ் தருபவற்றில் அதே மாதிரி காலியாவது இன்னும் நிறைய. ஃபேரி ஃபயர், கைடிங் போல்ட்டின் பின்பாதி, ஹெல்ப் ஆக்‌ஷன், கோபால்டின் பேக் டாக்டிக்ஸ் (கூட்டாளி எதிரியை ஒட்டி நின்றால் அட்வான்டேஜ்). ஃபிளாங்கிங் இருந்தால் எல்லா மான்ஸ்டருக்கும் பேக் டாக்டிக்ஸ் இருக்கிற மாதிரிதான், பிறகு கோபால்டுக்கு என்ன தனித்துவம்? கண்ணில் படாத இன்னொன்று: 5ஆம் பதிப்பில் எத்தனை அட்வான்டேஜ் இருந்தாலும் ஒரு டிஸ்அட்வான்டேஜ் அத்தனையையும் அடித்துவிடும், மறுபக்கமும் அப்படியே. விஷம் ஏறி டிஸ்அட்வான்டேஜில் இருப்பவர் ஃபிளாங்கிங் இடத்துக்கு நகர்ந்தால் விஷம் ஏறாதவர் மாதிரியே அடிப்பார். டாட்ஜ் (தன்னை அடிப்பவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ்) எடுத்த எதிரியைச் சுற்றி நின்றால் அவன் டாட்ஜ் வீண்.

பழைய 3.5 பதிப்பில் ஃபிளாங்கிங் +2தான். அங்கே எதிரியின் கைக்கெட்டும் கட்டத்திலிருந்து வெளியேறினாலே, அடுத்த கட்டமும் அவன் கைக்கெட்டும் தூரமாக இருந்தாலும், ஆப்பர்சூனிட்டி அட்டாக் (நகர்பவர்மேல் எதிரியின் இலவச அடி) வரும். ஐந்தடி மட்டும் நகர்ந்தால் விலக்கு. ஆக, பின்பக்கம் போவதற்கே ஒரு விலை இருந்தது. 5ஆம் பதிப்பில் அவன் எல்லையைத் தாண்டி வெளியே போனால்தான் அடி. அவனை ஒட்டியே அரைவட்டம் அடித்துப் பின்னால் போக ஒரு செலவும் இல்லை. பரிசைப் பெரிதாக்கி விலையை எடுத்துவிட்டதுதான் இந்த விருப்ப விதியின் கோளாறு.

என் பரிந்துரை: +2 ஆக்குங்கள். மேலே சொன்ன கணக்கில் 40% என்பது 50% ஆகும், 9.2 என்பது 11.5 ஆகும். ரெக்லெஸும் சேர்ந்தால் 75%, 17.25. பார்பேரியனுக்குத் தன் வசதி திரும்பக் கிடைக்கிறது, ரோக்குக்கும் சுற்றி வரக் காரணம் இருக்கிறது.

கோப்ளின் கூட்டம் போடும்போது இது இன்னும் முக்கியம். கோப்ளின் அட்டாக் +4. உங்கள் கிளெரிக் செயின்மெயிலும் கேடயமுமாக ஏசி 18 என்றால் அடி விழும் வாய்ப்பு 35%. அட்வான்டேஜ் இருந்தால் 57.75%, அதாவது வாங்கும் அடி ஒன்றரை மடங்குக்கும் மேல். +2 என்றால் 45%. ஆள் அதிகமுள்ள பக்கத்துக்குத்தான் ஃபிளாங்கிங் கைகொடுக்கும், பெரும்பாலான சண்டைகளில் அந்தப் பக்கம் உங்களுடையது, பிளேயர்களுடையது அல்ல.

---

ஏழாம்பகடை

கிரிட்டுக்கு வர்றேன், லெவல் 1 கதைன்னு சொன்னதால.

2014 ஆர்க்கை எடுத்துக்குங்க. கிரேட்ஆக்ஸ், 1டி12+3 (12 பக்க டைஸ் ஒண்ணு உருட்டி அதோட 3). புத்தகப்படி கிரிட் 2டி12+3, சராசரி 16. உங்க ரூல்ல 12 + 1டி12 + 3. சராசரி 21.5, குறைஞ்சபட்சமே 16. லெவல் 1 விசார்ட், கான் (கான்ஸ்டிடியூஷன்) +2 இருந்தா மொத்தம் 8 ஹெச்பி. 0க்கு வந்ததுக்கு அப்புறம் மிச்ச டேமேஜ் மேக்ஸ் ஹெச்பி அளவுக்கு இருந்தா டெத் சேவ் (பிழைக்கிறானான்னு உருட்டறது) எல்லாம் கிடையாது, ஆள் அங்கேயே முடிஞ்சான். 8க்கு 8, ஆக 16 போதும். புத்தக கிரிட்ல 16 வர்ற வாய்ப்பு 54%. உங்க ரூல்ல 100%. முழு ஹெச்பியோட நிக்கிற விசார்ட், ஒரே நேச்சுரல் 20, கேரக்டர் ஷீட்டைக் கிழிச்சுடலாம்.

இந்த ரூல் யார் கையில போனாலும் பிளேயருக்குத்தான் நஷ்டம். ஒரு மான்ஸ்டர் ஒரு சண்டைதான் வாழுது. கேரக்டர் கதை முழுக்க வாழணும், அவர்மேல நூத்துக்கணக்குல அட்டாக் ரோல் விழும். மேல கீழ ஆட்டம் எந்த அளவு கூடுதோ அந்த அளவுக்கு, ரொம்ப நாள் நிக்க வேண்டியவன்தான் அடிபடுவான்.

ஃபம்பிள் அதைவிட மோசம், ஏன்னா தப்பான ஆளைத் தண்டிக்குது. லெவல் 5 மங்க் ஃபிளரி போட்டா டர்னுக்கு 4 அட்டாக். அதுல ஒரு 1ஆவது விழுற வாய்ப்பு 18.5%. நாலு ரவுண்டுக்கு 56%. லெவல் 20 ஃபைட்டர் ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு எட்டு அடி அடிச்சா ஒரே டர்ன்ல 34%. உலகத்துலயே கைதேர்ந்த வாள்வீரன் மூணு தடவைக்கு ஒரு தடவை வாளைக் கீழ போடுறான். ஃபயர்பால் போடுற விசார்ட்? அட்டாக் ரோலே இல்லை, 0%.

இதுல உங்க முதல் ரூலும் மூணாவது ரூலும் ஒண்ணுக்கொண்ணு கைகோத்துக்குது. அட்வான்டேஜோட உருட்டும்போது ரெண்டு டைஸும் 1 விழணும், அது 400க்கு ஒண்ணு. 5% ஃபம்பிள் 0.25% ஆகுது. அப்போ எல்லாரும் ஏன் ஃபிளாங்கிங் இடத்துக்கே ஓடுறாங்கன்னு தெரியுதா? பாதி அடிக்கறதுக்கு, பாதி வாளைக் கீழ போடாம இருக்கறதுக்கு.

ரோக் கணக்கும் போட்டுடலாம். லெவல் 5, 1டி8+4, ஸ்னீக் அட்டாக் 3டி6. சராசரி 19. 65% வாய்ப்புல, புத்தக கிரிட்டோட, ஒரு வீச்சு 13.1. ஃபிளாங்கிங் அட்வான்டேஜ் + உங்க கிரிட் ரெண்டும் சேர்ந்தா 19.2. கிட்டத்தட்ட 47% கூடுதல். ரெண்டு ரவுண்டுல சண்டை முடியறதுக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

---

பாதாளப்படி

விளக்கத்துக்கு நன்றி இருவருக்கும். ஃபம்பிளும் ஃபிளாங்கிங்கும் இப்படி ஒன்றை ஒன்று தூக்கிப் பிடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. கிரிட் ரூலை பிளேயர்களுக்கு மட்டும் வைத்தால் ஓடுமா? அதைத் தூக்கினால் நால்வரும் கொடி பிடிப்பார்கள். கிரிட்டில் இரண்டு ஒன்று விழுந்து சாதாரண அடியைவிடக் குறைவாக வருவதுதான் அவர்கள் குறை.

---

ஏழாம்பகடை

தாராளமா ஓடும். மான்ஸ்டர் கிரிட் புத்தகப்படி, பிளேயர் கிரிட் உங்க ரூல்படி. சமம் இல்லையேன்னு டேபிள்ல யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, அவங்க பக்கம்தானே சாயுது. ஆனா ஒண்ணு, டைஸ் நிறைய உருட்டுற கிளாஸுக்குத்தான் இது அள்ளிக் கொடுக்கும். ரோக், அப்புறம் கிரிட் விழுந்ததைப் பார்த்துட்டு ஸ்மைட் (ஸ்பெல் ஸ்லாட்டைச் செலவழிச்சு கூடுதல் டேமேஜ்) போடுற பாலடின். 2014 விதிகள்ல ஸ்மைட்டை அடி விழுந்த பிறகு முடிவு பண்ணலாம், அந்த டைஸும் கிரிட்ல சேரும். புதுக் கதையில பாலடின் வந்தா உச்ச எண் ஆயுத டைஸுக்கு மட்டும், மிச்ச டைஸ் புத்தகப்படி ரெண்டு மடங்கு உருட்டல்னு இப்பவே எழுதி வச்சிடுங்க. ரெண்டு ஒண்ணு விழுற குறையும் தீர்ந்துடும்.

---

கருங்கல்கோலம்

+2 பற்றி மந்திரக்கணக்கு சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

இந்தப் பதிப்பில் ஏசியும் அட்டாக் போனஸும் ஒரு குறுகிய வரம்புக்குள் கட்டிப்போடப்பட்டவை. அதனால்தான் லெவல் 10இலும் ஆர்க் கூட்டம் கொஞ்சம் பயமுறுத்தும். அட்வான்டேஜுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. +2 ஏறும். பிளெஸ் ஸ்பெல் (அட்டாக் ரோலில் 1டி4 கூட்டும்) சராசரி 2.5, ஃபிளாங்கிங் 2, மேஜிக் வாள் 1, அதன்மேல் ரெக்லெஸ். −5 போட்டு அடிப்பதற்கு இருந்த ஒரே தடை அந்த −5தான். பிளெஸும் ஃபிளாங்கிங்கும் சேர்ந்தால் 4.5 திரும்பி வந்துவிடுகிறது. உங்களிடம் கிளெரிக் வேறு இருக்கிறார், பிளெஸ் போடாமல் இருப்பாரா?

இரண்டு மாற்று உண்டு. ஒன்று, விலையைத் திரும்பக் கொண்டுவருவது: எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குள் 5 அடிக்கு மேல் நகர்ந்தால் ஆப்பர்சூனிட்டி அட்டாக். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் மேப்பில் போட்டதும் வேறு ஒன்று கிளம்பும். சென்டினல் ஃபீட் வைத்திருப்பவரின் ஆப்பர்சூனிட்டி அட்டாக் பட்டால் வேகம் 0. இந்த ரூலோடு அவர் நடமாடும் சிறைச்சாலை. ரியாக்‌ஷன்கள் கூடி ரவுண்டும் இழுக்கும். நான் இதை விடச் சொல்வேன்.

இரண்டாவது, டர்னில் முதல் மெலீ அட்டாக்குக்கு மட்டும் +2. ரோக்குக்கு எப்படியும் ஒரே முக்கிய அட்டாக், அவருக்கு முழுப் பலன். பார்பேரியனுக்கு இரண்டில் ஒன்று. கும்பலாக வரும் கோப்ளினுக்கு ஒரே அட்டாக்தான், அதனால் மான்ஸ்டர் பக்கம் இது பெரிதாக எதையும் அடக்காது. அங்கே கோப்ளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

போஷன், எக்ஸாஷன் இரண்டையும் யாரும் தொடவில்லையே. போஷன் ரூலில் எனக்குப் பெரிய பயம் இல்லை. 2024 விதிகளில் அதுவே சட்டமாகிவிட்டது. 2டி4+2, சராசரி 7. லைஃப் கிளெரிக்கின் முதல் லெவல் ஹீலிங் வேர்டு, விஸ்டம் 18 என்றால் 9.5 தரும், அறுபது அடி தள்ளி நின்று. மற்ற கிளெரிக்குகளுக்கு 6.5, அவர்களுக்குத்தான் போஷன் போட்டி. போனஸ் ஆக்‌ஷனுக்கு வேலை இல்லாதவர்களுக்கு இது சுத்த லாபம். ரோக்குக்கு கன்னிங் ஆக்‌ஷனோடு மோதும். மயங்கிக் கிடப்பவர் வாயில் ஊற்றுவதற்கு மட்டும் முழு ஆக்‌ஷன் என்று வையுங்கள். மற்றபடி இந்த ரூலைக் கட்டுப்படுத்துவது கடையில் எத்தனை புட்டி கிடைக்கிறது என்பதுதான். ஒன்று 50 கோல்டு, லெவல் 5க்கு மேல் அது பணமே இல்லை. முழு ஆக்‌ஷன் செலவழித்துக் குடித்தால் உருட்டாமல் முழு 10 என்று சிலர் வைக்கிறார்கள், அதுவும் நல்ல யோசனை.

எக்ஸாஷன் ரூல்தான் உங்கள் பட்டியலில் நோக்கம் சரியாகவும் அளவு தவறாகவும் இருப்பது. 0க்குக் கீழே டேமேஜ் கணக்கில் ஏறுவதில்லை என்பதால், விழும் முன் ஹீல் பண்ணுவதைவிட விழுந்த பின் எழுப்புவதே லாபம். அதனால் விழுவதும் எழுவதுமாக ஆட்டம் போகும். அதைத் தடுக்க ஒரு விலை வேண்டும், சரி. ஆனால் 2014 எக்ஸாஷன் படிக்கட்டு ஒழுங்கானது அல்ல. முதல் படி ஏபிலிட்டி செக்குக்கு மட்டும் டிஸ்அட்வான்டேஜ், சண்டையில் கிட்டத்தட்டத் தெரியாது. மூன்றாம் படி அட்டாக்குக்கும் சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், நான்காவதில் ஹெச்பி பாதி. லாங் ரெஸ்டுக்கு (இரவு முழு ஓய்வு) ஒரு படிதான் இறங்கும். முன்வரிசையில் நிற்பவர் ஒரே நாளில் மூன்று முறை விழுந்தால் அடுத்த இரண்டு நாள் கதைக்குப் பாரம், பின்னால் நின்ற விசார்ட் நலமே. 2024இன் எக்ஸாஷனைக் கடன் வாங்குங்கள்: படிக்கு டி20 ரோல்களில் −2, வேகத்தில் −5 அடி, ஆறில் மரணம். லாங் ரெஸ்டுகளுக்கு இடையில் முதல் முறை விழுவது இலவசம், இரண்டாவதிலிருந்து எண்ணுங்கள். யாராவது பெர்ஸர்க்கர் பார்பேரியன் எடுத்தால் அவர் ஃப்ரென்ஸியும் எக்ஸாஷன் தரும், அவருக்கு விலக்கு தேவையா என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

---

மந்திரக்கணக்கு

பிளெஸ் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் பிளெஸ் ஒரு ஸ்லாட்டையும் கிளெரிக்கின் கான்சென்ட்ரேஷனையும் தின்கிறது. அவரை ஒரு அடி அடித்தால் குறைந்தது டிசி 10 (எட்ட வேண்டிய எண்) சேவ், தவறினால் பிளெஸ் போய்விடும். விலை கொடுத்து வாங்கும் +2.5 எனக்கு உறுத்தவில்லை. "முதல் மெலீ அட்டாக்குக்கு மட்டும்" என்பதை ஏற்கிறேன், நான் சொன்னதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

சோதிப்பது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு செஷன் ஆடிப் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவெடுக்காதீர்கள். 65% வாய்ப்பை நூறு முறை உருட்டினாலும் 55இலிருந்து 75 வரை எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கும். ஒரு செஷனில் ஒருவர் முப்பது முறை உருட்டினால் அதிகம். எண்ணைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள், ஆடிப் பார்ப்பது வேறு விஷயத்துக்கு: யார் எங்கே போய் நிற்கிறார்கள், எந்த ஸ்பெல்லை எடுப்பதை விட்டுவிட்டார்கள், எந்த ஆக்‌ஷன் மூன்று சண்டையாக யாரும் எடுக்கவில்லை.

ஆடிப் பார்க்க ஒரே சண்டையை இரண்டு விதியிலும் ஓட்டுங்கள். உங்கள் நால்வருக்கு 3 ஓகர், 3 ஆர்க் பொருத்தம். 1650 எக்ஸ்பி, ஆறு பேர் என்பதால் இரண்டால் பெருக்கி 3300. நாலு லெவல் 5 ஆட்களுக்கு ஹார்ட் 3000, டெட்லி 4400. மொத்த ஹெச்பி 222. ஓகர் ஏசி 11தான் என்பதால் ஃபிளாங்கிங் வித்தியாசம் அதில் குறைவாகத் தெரியும், ஆர்க் ஏசி 13இல் கொஞ்சம் கூடுதல். ரவுண்டு எண்ணிக்கை, செலவான ஸ்லாட், யார் எத்தனை ஹெச்பி இழந்தார்கள், இந்த மூன்றையும் குறித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு ரூலை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது.

---

பாதாளப்படி

லெவல் 1 கதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்:

ஃபிளாங்கிங்: எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒவ்வொருவருக்கும் அவரவர் டர்னில் முதல் மெலீ அட்டாக்குக்கு +2. கிரிட்: பிளேயர்களுக்கு ஆயுத டைஸ் உச்சம், மிச்சம் புத்தகப்படி, மான்ஸ்டருக்கு முழுக்கப் புத்தகப்படி. ஃபம்பிள்: கிடையாது. போஷன்: தானே குடிக்க போனஸ் ஆக்‌ஷன், பிறருக்கு ஊற்ற ஆக்‌ஷன். 0 ஹெச்பி: லாங் ரெஸ்டுக்குள் இரண்டாம் முறை விழுவதிலிருந்து 2024 எக்ஸாஷன்.

---

கருங்கல்கோலம்

இரண்டு ஓட்டை.

"எதிரெதிரே" என்பது ஒரு கட்ட எதிரிக்குப் புரியும். ஓகர் நாலு கட்டம் அடைக்கும், அங்கேதான் வாக்குவாதம் வரும். டிஎம்ஜி வழியையே எழுதிவிடுங்கள்: இருவர் நிற்கும் கட்டங்களின் நடுப்புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்கவும். அந்தக் கோடு எதிரி அடைத்திருக்கும் இடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களையோ எதிரெதிர் மூலைகளையோ கடந்தால் ஃபிளாங்கிங், இல்லையென்றால் இல்லை.

அடுத்தது, "இருவர்" யார்? விருப்ப விதியின் வார்த்தைப்படி எதிரியைப் பார்க்க முடிகிற, செயலிழக்காத கூட்டாளி போதும். அடிக்கவே முடியாத ஆந்தை ஃபெமிலியர் (விசார்ட் வரவழைக்கும் மந்திர விலங்கு) பின்னால் போய் உட்கார்ந்தாலும் கணக்கு. லெவல் 1 விசார்ட் ஃபைண்ட் ஃபெமிலியர் எடுக்காமல் இருக்க மாட்டார். "மெலீ அட்டாக் செய்யக்கூடிய கூட்டாளி" என்று ஒரு சொல் சேருங்கள். ஆந்தை ஹெல்ப் ஆக்‌ஷன் எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு அட்வான்டேஜ் ஏற்கெனவே இருக்கிறது.